மூன்றாவது சுற்று

எங்கள் ஊரில் வேப்பமரம் வளராது. குளிர் விடாது. கரும்பும் அப்படித்தான். மலைமேல், பள்ளங்கிக்குப் பக்கத்தில், காரட்டும் பூண்டும் உருளைக்கிழங்கும் போட்டுப் பிழைக்கிற மேட்டு ஊர் எங்களுடையது. ஆனால் வேப்பிலை இல்லாமல் மாரியம்மனைக் கும்பிட முடியுமா? கரும்பு இல்லாமல் திருவிழாதான் உண்டா? அதனால் மாசி பிறந்ததும் ஊரே பழனி ரோட்டைப் பார்க்க ஆரம்பித்துவிடும். வேப்பிலை, வாழைக்கன்று, தென்னங்குருத்து, கரும்பு எல்லாம் குட்டியானை வண்டியில் ஏறி மலைக்கு வரும். அவற்றைக் கொண்டுவந்து கோயில் வாசலில் கடை போடுகிறவர்கள் நானும் என் வீட்டுக்காரரும்.

அவருக்கு மூங்கில் வேலை. ஏணி, பந்தல், கோழிக்கூண்டு, காரட் அள்ளுகிற கூடை என்று வருஷம் முழுக்க ஏதாவது இருக்கும். திருவிழா வந்தால் முளைப்பாரிக் கூடையும், பிள்ளை வரம் கேட்கிறவர்கள் கோயில் மரத்தில் கட்டுவதற்குச் சின்ன மூங்கில் தொட்டிலும் செய்வார். எல்லாவற்றையும்விடக் கிராக்கி கரும்புத் தொட்டிலுக்குத்தான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வேண்டிப் பிறந்த பிள்ளைக்கு, அல்லது வேண்டிப் பிழைத்த பிள்ளைக்குச் செய்கிற நேர்த்திக்கடன் அது. தோகையோடு இருக்கிற நெடுங்கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, மஞ்சளில் நனைத்த சேலையை அதில் தூளியாகத் தொங்கவிட்டு, பிள்ளையை உள்ளே படுக்கவைத்து, அப்பா முன்னால், அம்மா பின்னால் தோளில் சுமந்து கோயிலை மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். முடித்ததும் கரும்பை வெட்டிக் கூட்டத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். தோகை வாடிவிட்டால் நன்றாக இருக்காது என்பதால் தொட்டிலைத் திருவிழா அன்று காலையில்தான் கட்டுவோம்.

அதே கைதான் ஊருக்குப் பாடையும் கட்டும். முன்பு கட்டிக்கொண்டிருந்தவர் மகனோடு பெரியகுளம் பக்கம் இறங்கிப் போய்விட்டார். ஒரு சாவு வீட்டில் ஆள் கிடைக்காமல் திணறியபோது, மூங்கில் பழகின கை என்று இவரைக் கூப்பிட்டார்கள். உதவிக்குத்தான் போனார். அந்த வேலை அப்படியே இவர் தலையில் ஒட்டிக்கொண்டது. பாடைக்கு ஒற்றை முடிச்சு, தொட்டிலுக்கு இரட்டை முடிச்சு. தொட்டில் கயிற்றில் மஞ்சள் தேய்ப்போம். மற்றபடி ஒரே தேங்காய்நார்க் கயிறு, ஒரே உருண்டை. இது ஊருக்கே தெரியும். தெரியாத மாதிரி இருப்பதில் எங்கள் ஊர்க்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

போன வருஷம் எங்களுக்கே ஒரு தொட்டில் கட்ட வேண்டியிருந்தது. எங்களுக்கு முதலில் ஒரு பையன் பிறந்தான். உட்காரப் பழகுவதற்குள் மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் என் மடியிலேயே போய்விட்டான். அத்தனை சின்னப் பிள்ளைக்குப் பாடை கிடையாது. துணியில் சுற்றி இவர்தான் கையில் ஏந்திக்கொண்டு போனார். அதற்கப்புறம் பெண் பிறந்தாள். இவளுக்கும் நெஞ்சில் அதே விசில் சத்தம். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அவர் வேண்டிக்கொண்டதை நான் கேட்டேன். "இவ தங்கிட்டாப் போதும் ஆத்தா. ஒனக்குக் கரும்புத் தொட்டில் கட்டிச் சுத்துறேன்." பிழைக்க வைத்தது டாக்டர்தான். ஆனாலும் அந்த மூன்று சுற்று முடிந்தால்தான் பிள்ளை நமக்குச் சொந்தம் என்று அவர் மனதில் விழுந்துவிட்டது. எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொள்வேன். அவள் இருமும்போது எனக்கும் அதே நம்பிக்கை வந்துவிடும்.

திருவிழாவுக்கு முன்பே கோயிலில் காப்புக் கட்டுவார்கள். நேர்த்திக்கடன் இருக்கிறவர்களுக்கு மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, அது இல்லாமல் தொட்டில் தூக்க முடியாது. அது ஏறிவிட்டால் கவுச்சி கிடையாது, வெளியூரில் ராத்தங்கல் கிடையாது, சாவு வீட்டு வாசலை மிதிக்கவே கூடாது. நாங்கள் இரண்டு பேரும் கட்டிக்கொண்டோம். கரும்பு ஏற்ற நெய்க்காரப்பட்டிப் பக்கம் போனவர்கூட வெள்ளனே போய்ப் பொழுது சாய்வதற்குள் மலையேறி வந்துவிட்டார்.

அவரோடு போனவர் அவருடைய கூட்டாளி. லாரியில் காரட் மூட்டை ஏற்றுகிற ஆள். சின்ன வயதில் தாய் தகப்பனோடு சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். கரும்புக் கட்டுகளை இறக்கும்போது, கோணல் இல்லாத, தோகை நிறைந்த கரும்புகளாகத் தனியே எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். "தங்கச்சி, இது நம்ம புள்ளைக்கு. வேற யாருக்கும் எடுத்துக் குடுத்துறாதீங்க, விளங்குதா?" என்றார். விளங்கியது என்றேன்.

எங்கள் ஊரில் கரும்பை வெளியே போட்டுவிட்டுத் தூங்க முடியாது. வாசம் பிடித்துக் காட்டுமாடு வந்துவிடும். "காலையில கட்டுற சோலி உனக்குத்தான் கெடக்கு, நீ போய்ப் படு" என்று என் வீட்டுக்காரரை விரட்டிவிட்டு, அந்த அண்ணன் பனியில் தகர டப்பாவோடு காவலுக்கு உட்கார்ந்துவிட்டார். விடிந்ததும் நாங்கள் வந்து பார்த்தோம். ஒரு தோகைகூடக் குறையவில்லை. "மாடு வந்திச்சு. கதைச்சு அனுப்பிட்டேன்" என்று சிரித்தார். சிரிக்கும்போது நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். குளிர் என்றார். வீட்டுக்குப் போய் டீ குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

செய்தி வந்தபோது இவர் மற்றவர்களுடைய தொட்டில்களைக் கட்டி முடித்துவிட்டு எங்களுடைய கரும்பைக் கையில் எடுத்திருந்தார். நான் அழவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குச் செத்தவர் மேல் கோபம்தான் வந்தது. இன்றைக்குத்தானா போக வேண்டும், நாளைக்குப் போயிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். எங்களுக்காகப் பனியில் உட்கார்ந்த மனிதரைப் பற்றி அப்படி நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் திருவிழாக் கமிட்டிப் பெரியவர் நாலைந்து பேரோடு கடைக்கு வந்தார். தூரத்து முறையில் எனக்கு மாமா. ஊருக்குள் பிணம் கிடந்தால் கோயில் நடை திறக்கக் கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டு. தூக்கின பிறகு வாசல் கழுவித்தான் திறப்பார்கள். அதுவரை யாரும் எந்த நேர்த்திக்கடனும் செய்ய முடியாது.

"இத்தனை சனம் புள்ளையும் தொட்டிலுமாக் காத்துக் கெடக்கு. நீ போயி வெரசாக் கட்டிவிட்டா மதியத்துக்குள்ள தூக்கிரலாம்ப்பா" என்றார் இவரிடம்.

"அவரு காப்புக் கட்டியிருக்காரு மாமா" என்றேன்.

"தெரியும் தாயி. வேற ஆளு யாரு இருக்கா, சொல்லு."

"நீங்க கட்டுங்க. நெட்டுக்கு ரெண்டு மூங்கில், குறுக்க நாலு பத்தை. என்ன பெரிய வித்தையா?"

பெரியவர் தன் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். கூட வந்தவர்களும் அவரவர் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒங்க கையில இருக்கது காப்பு. எங்க கையில இருக்கது என்ன, வாழைநாரா?" என்று கேட்டேன். கடைத்தெருவே கேட்கிற மாதிரிதான் கேட்டேன்.

இவர் கரும்பைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் கையை நீட்டினார். "அவுத்து விடு."

"மாட்டேன்."

"நம்ம கரும்புக்குக் காவல் இருந்த மனுசன். அவனை எவனோ ஏனோதானோன்னு கட்டித் தூக்கட்டும்னு நான் இங்க தொட்டில் கட்டிக்கிட்டு இருக்கவா?"

அவர் சொன்னது நியாயம்தான். இருந்தும் நான் அவிழ்க்கவில்லை. கரும்பு வெட்டுகிற அரிவாளாலேயே காப்பை அறுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எங்கள் தொட்டிலை நானே கட்டினேன். இரட்டை முடிச்சு எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு முடிச்சு நிற்கவே இல்லை, அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன். பின்தெருவில் மூங்கில் பிளக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை வைத்தே எந்த இடம்வரை வந்திருக்கிறார் என்று எனக்குச் சொல்ல முடியும். நடுவில் கமிட்டி ஆள் ஒருவர் வந்து கயிறு போதவில்லை என்றார். உருண்டையிலிருந்து அறுத்துக் கொடுத்தேன். தொட்டில் வாங்க நின்ற ஓர் இளம்பெண் அதைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா, எங்க தொட்டில்லயும் இதே கயிறா?"

"ஆமா."

அவளும் புருஷனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தொட்டிலைத் திரும்பச் சாய்த்து வைத்தார்கள். "வேற கயிறுல வேணும்னா வத்தலக்குண்டுக்குத்தான் எறங்கணும். பஸ் நிக்குது பாருங்க" என்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, நான் வேறு பக்கம் திரும்பினபோது எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த அண்ணனின் மூத்த மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள் என்று சொன்னார்கள். கமிட்டிக்காரர்கள் காத்திருக்கவில்லை. வெயில் ஏறுவதற்குள் தூக்கிவிட்டார்கள். அவள் வந்து பார்த்தது மண்ணைத்தான். அதைக் கேட்டு நியாயம் பேச எனக்குத் தகுதி கிடையாது. பாடை தெருமுனை திரும்பினபோது, அப்பாடா என்று என் மனதுக்குள்ளும் ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

வாசல் கழுவி நடை திறந்தார்கள். கொட்டு முழங்கியது. இவர் கட்டின தொட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. கயிற்றைப் பற்றிக் கேட்டவளும் புருஷனும் போனார்கள். நான் எங்கள் தொட்டிலோடு நின்றேன். காப்பு அறுத்தவர் அன்றைக்குக் கோயில் எல்லைக்குள் வரக் கூடாது. அவருக்குப் பதில் தாய்மாமனாக முன்னால் பிடிக்க என் அண்ணன் தம்பி யாரும் மலையில் இல்லை. அப்போது அதே பெரியவர் பக்கத்தில் வந்தார்.

"நான் முன்னால புடிக்கிறேன் தாயி. ஒன் புருசன் ஊருக்காகத்தான போயிருக்கான். புள்ளை வேண்டுதல் நிக்கக் கூடாது."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் எனக்கு எரிந்தது. அப்பனைக் கழற்றி அனுப்பிவிட்டு அப்பன் தோளை இரவல் தருகிறார் என்று தோன்றியது. ஆனால் என் கோபத்தைவிடப் பயம் பெரியதாக இருந்தது. தோளில் கிடந்தவளின் நெஞ்சு மெல்ல விசிலடித்துக்கொண்டிருந்தது. சரி என்றேன்.

முதல் சுற்று. கோயிலின் பின்பக்கம் வந்தபோது, எல்லைக்குக் கட்டின மாவிலைத் தோரணத்துக்கு வெளியே, பின்தெரு சந்தில் அவர் நிற்பதைப் பார்த்தேன். ஓடையில் முழுகிவிட்டு ஈர வேட்டியோடு வந்திருந்தார். உடம்பு உதறிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். என்னையா, அம்மனையா, முன்னால் கரும்பு சுமந்த பெரியவரையா, தெரியவில்லை. நான் நடந்தேன்.

இரண்டாவது சுற்றில் அதே இடத்தில் பிள்ளை அவரைப் பார்த்துவிட்டாள். தூளியிலிருந்து தலையை நீட்டி, "ப்பா, ப்பா" என்று இரண்டு கையையும் ஆட்டினாள். அவர் சட்டென்று பின்னால் நகர்ந்தார். அங்கே பாதி கட்டி நின்ற ஒரு சுவர் இருந்தது. அதன் பின்னால் போய் மறைந்துகொண்டார். சாவு தொட்ட கண் பிள்ளைமேல் படக் கூடாதாம். ஊரில் எந்தப் பிணத்தைக் கண்டும் ஒதுங்காத மனிதர், பெற்ற பிள்ளை பார்க்கிறாள் என்று சுவருக்குப் பின்னால் ஒளிந்தார்.

சுற்று முடிகிற இடம்வரை எப்படி நடந்தேன் என்று தெரியாது. அங்கே நின்றுவிட்டேன். கரும்பு வெடுக்கென்று இழுபட்டது.

"என்ன தாயி, நடுவுல நிக்கப்பிடாது. இன்னும் ஒண்ணுதான்."

"நான் நின்னுட்டேன் மாமா" என்று சொல்லிவிட்டு, கரும்பை இறக்கி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தச் சந்துக்குப் போனேன். அவர் முன்னால் பிள்ளையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஒரு சுத்துதான கெடக்கு. முடிச்சிட்டு வா. ஏன் இப்படிச் சோதிக்கிற?" என்று கெஞ்சினார். அழுதார். முதல் பிள்ளையை ஏந்திக்கொண்டு போனபோதுகூட நான் பார்க்க அழாதவர்.

"ஒங்க தோளு இல்லாம இவளுக்கு எந்தச் சுத்தும் வேணாம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

வேண்டுதல் பாதியில் நின்ற கரும்பை வெட்டிக் கொடுக்கவும் கூடாது, எறியவும் கூடாது என்றார்கள். எங்கள் வீட்டுக் கூரைக்கு அடியில் சொருகி வைத்தோம். தோகை உதிர்ந்து, காய்ந்து, இப்போதும் இருக்கிறது. ஐப்பசி மழையில் பிள்ளைக்கு இளைப்பு வந்தது. மருந்துப் புகை விடுகிற மெஷினை மூக்கில் வைத்து, மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நிமிர்ந்தால் அந்தக் கரும்பு தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு சுற்று நடந்திருக்கலாமே என்று நினைப்பேன். அடுத்த நிமிஷம் அந்தச் சுவர் ஞாபகம் வரும். அவர் ஒரு வார்த்தை என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லித் தொலைத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

இதோ மறுபடி மாசி வந்துவிட்டது. பிள்ளை நடக்கிறாள், ஓடுகிறாள், தூளிக்குள் காலை மடக்கித்தான் படுக்க வேண்டும். இருந்தாலும் இந்த வருஷம் மூன்று சுற்றையும் முதலிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் சுற்றுவது என்று முடிவு பண்ணியிருந்தோம். முந்தாநாள் பெரியவர் கமிட்டி ஆட்களோடு வீட்டுக்கு வந்தார். தொட்டில் எத்தனை வேண்டும், பந்தலுக்கு மூங்கில் எவ்வளவு என்று பேசினார்கள். டீ கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு, டம்ளரை உருட்டிக்கொண்டே பெரியவர் ஆரம்பித்தார்.

"ஒரு யோசனைப்பா. இந்த வருசம் நீ காப்புக் கட்டிக்க வேணாம். ஊருக்கு ஒரு ஆளு காப்பில்லாம இருந்தா ஆத்திர அவசரத்துக்கு நல்லதுதான? தொட்டிலுக்குத் தோளு குடுக்க நான் இருக்கேன்."

எவ்வளவு பதமாகச் சொன்னார் தெரியுமா. நோயாளிக்குக் கஞ்சி ஊட்டுகிற மாதிரி. ஆனால் என்னைச் சுட்டது அவர் பேச்சு இல்லை. என் வீட்டுக்காரர் தலை மெல்ல ஆட ஆரம்பித்ததைப் பார்த்தேன். சரி என்று சொல்லப்போகிறார் என்று தெரிந்தது.

உள்ளே போய்க் கயிற்று உருண்டையையும் அரிவாளையும் எடுத்து வந்தேன். துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொருவர் மடியிலும் ஒன்று போட்டேன்.

"உக்காருங்க மாமா. எல்லாரும் உக்காருங்க. பாடைக்கு ஒத்தை முடிச்சுதான், ரொம்பச் சுளுவு. காப்பு ஏறுறதுக்குள்ள படிச்சுக்கங்க. ஒருத்தர் படிச்சாலும் போதும், அவரு இந்த வருசம் காப்பில்லாம இருக்கட்டும். அவரு புள்ளைக்குத் தோளு குடுக்க எங்க வீட்டுக்காரரு வருவாரு."

ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. எழுந்தபோது மடியிலிருந்து கயிறு கீழே விழுந்தது. அவர்கள் அதைத் தாண்டிச் செருப்பை மாட்டிக்கொண்டார்கள். "வாய் ரொம்ப நீளமாப் போச்சு தாயி" என்று மட்டும் பெரியவர் சொன்னார். அந்தத் துண்டுகளைப் பொறுக்கி வாசல் ஆணியில் தொங்கவிட்டேன். வருகிறவர் போகிறவர் கண்ணில் படட்டும் என்றுதான் அங்கே மாட்டினேன். இதுவரை யாரும் எடுக்க வரவில்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டு. ஊருக்குள் படுத்த படுக்கையாக இருக்கிறவர்கள் வீட்டுக்கெல்லாம் நான் போய், சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்டு வருகிறேன். எவ்வளவு பாசம் என்று அவர்கள் மகிழ்ந்துபோகிறார்கள். திருவிழா முடிகிறவரை தாங்கினால் போதும் என்று நான் நினைப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? இப்படி ஒரு பெண்ணாக நான் ஆவேன் என்று நினைத்ததே இல்லை.

இன்று காலை நான் அடுப்படியில் இருந்தேன். ஆணியிலிருந்து ஒரு கயிற்றுத் துண்டு கீழே விழுந்திருக்கிறது. மகள் அதை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போய், மணிக்கட்டை நீட்டி, "கட்டு" என்றாள். அவர் அவளைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். அவருக்கே தெரியாமல் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவர் எதிரில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்து அவரிடம் நீட்டினேன்.

"ரெட்டை முடிச்சாக் கட்டுங்க" என்றேன்.